மடியைப் பார்த்து மாடு... பேட்டரியைப் பார்த்து கார்!

பழைய மின்சார கார் வாங்க நினைக்கும் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

மாட்டுச் சந்தையில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சந்தைக்கு வரும் கறவை மாட்டை முந்தின வேளை கறக்காமல் ஓட்டி வருவார்கள். மடி தரையைத் தொடுகிற மாதிரி பெருத்து நிற்கும். 'நேரத்துக்கு எட்டு லிட்டர்' என்று தரகர் அடித்துச் சொல்வார். விவரம் தெரிந்தவர் அந்த மடியை நம்பிப் பணத்தை நீட்ட மாட்டார். விற்பவர் வீட்டுக்கே போய், தொடர்ந்து மூன்று வேளை தன் கண்ணெதிரே கறக்கச் சொல்லி, அளந்து பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார்.

இப்போது கிராமங்களுக்கும் வரத் தொடங்கியிருக்கும் பழைய மின்சார கார்களுக்கும் இதே பாடம் பொருந்தும். நூறு சதவிகிதம் சார்ஜ் ஏற்றி, பளபளவென்று துடைத்து நிறுத்தியிருக்கும் கார், கறக்காமல் கொண்டுவந்த மாடு மாதிரிதான். மடிக்குள் எவ்வளவு பால் இருக்கிறது என்பது கறந்து பார்த்தால்தான் தெரியும்.

மல்லிகைத் தோட்டத்திலிருந்து ஒரு கணக்கு

சத்தியமங்கலம் அருகே ஒன்றரை ஏக்கரில் மல்லிகையும் இரண்டு ஏக்கரில் மஞ்சளும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். விடியற்காலையில் பறித்த பூவை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வர 24 கிலோமீட்டர். கல்லூரிக்குப் போகும் மகளைக் காலையும் மாலையும் பேருந்து நிறுத்தத்தில் விட்டு, அழைத்துவர 16 கிலோமீட்டர். ஆக, நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டம். இதுபோக, வயதான தாயாரை மாதம் இருமுறை கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். போகவர 140 கிலோமீட்டர். அதற்கு வாடகைக் கார்தான்.

மஞ்சள் விற்ற பணம் கைக்கு வந்தது. அடுத்த பட்டத்துக்கான விதைமஞ்சள், உரம், ஆள்கூலிக்கு ஒதுக்கியது போக 6 லட்சம் ரூபாய் மிச்சம். அப்போது அக்கா மகன் சொன்ன யோசனைதான் பழைய மின்சார கார். "பெட்ரோலே வேண்டாங் மாமா. கரன்ட் செலவெல்லாம் ஒரு செலவே இல்லீங்க. மிச்சமாகிற காசுலயே காரு வெலை வந்துரும்" என்றார்.

விவசாயியின் மனைவிக்கு வேறு கவலை. "ஏனுங்க, அத்தையக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு நடுவழியில நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?"

இந்த இரண்டு பேச்சுக்கும் விடை தெரிந்தால், பழைய மின்சார கார் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மிச்சம் என்பது எதோடு ஒப்பிட்டு?

முதலில் மின்சாரச் செலவைப் பார்ப்போம். காரின் பேட்டரியை அளப்பதும், வீட்டு மின்கட்டண அட்டையில் எழுதுவதும் ஒரே யூனிட்தான். 30 யூனிட் பேட்டரி என்றால், அதில் 30 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் அளவில் கார் ஓடும். சார்ஜ் ஏறும்போது பத்து, பதினைந்து சதவிகிதம் வீணாகும் என்பதால், வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பதே நல்லது.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாதங்களில் சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு 500 யூனிட் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 300 யூனிட் செலவாகிறது. இரண்டும் சேர்ந்தால் 800 யூனிட். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு பயன்பாடு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். 'இப்போது 700 ரூபாய்தானே கட்டுகிறோம்' என்று நினைத்தவருக்கு, கார் வந்த பிறகு கூடுதலாக 4,100 ரூபாய் அளவில் வரும்.

அப்படியும் பெட்ரோல் காரைவிட இது குறைவுதான். அதே 3,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 18,750 ரூபாய் ஆகும். அக்கா மகன் சொன்ன மிச்சம் இந்தக் கணக்குதான்.

ஆனால், இந்தக் குடும்பத்திடம் பெட்ரோல் கார் கிடையாதே! இப்போது ஆகும் செலவோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான கணக்கு.

* இப்போது, இரண்டு மாதங்களுக்கு: மொபெட் பெட்ரோல் 5,300 ரூபாய், கோவைக்கு நான்கு முறை வாடகைக் கார், முறைக்கு 2,500 ரூபாய் வீதம் 10,000 ரூபாய். மொத்தம் 15,300 ரூபாய்.

* மின்சார கார் வந்தால்: மின்சாரம் 4,100 ரூபாய், இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 27,000 ரூபாய் என்று வைத்தால், இரண்டு மாதப் பங்கு 4,500 ரூபாய். மொத்தம் 8,600 ரூபாய்.

மிச்சம் 6,700 ரூபாய். ஆண்டுக்கு 40,000 ரூபாய். அதே 6 லட்சத்தை 7 சதவிகித வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 42,000 ரூபாய் கிடைக்கும். ஆக, சரிக்குச் சரி. காரின் விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். நகையை அடகு வைத்து 10 சதவிகித வட்டியில் வாங்கினால் வட்டி மட்டுமே 60,000 ரூபாய், கைநஷ்டம்தான்.

மழை நாளில் பூ நனையாமல் மார்க்கெட் போய்ச் சேரும். தாயார் வாடகைக் காருக்குக் காத்திருக்க வேண்டாம். இவற்றுக்கும் மதிப்பு உண்டு. அந்த வசதிக்காகத் தெரிந்தே செய்யும் செலவு என்றால் சரி. வருமானம் தரும் முதலீடு என்று நினைத்தோ, கடன் வாங்கியோ இறங்கக் கூடாது. நாளுக்குப் பத்து கிலோமீட்டர்கூட ஓடாத குடும்பங்கள், மிச்சம் பிடிக்கலாம் என்று இதை வாங்கவே வேண்டாம்.

நடுவழியில் நிற்குமா?

மனைவி கேட்ட கேள்வி இது. இதற்கு விடை பேட்டரியின் அளவிலும் வயதிலும் இருக்கிறது.

கம்பெனி அறிவிக்கும் தூரம் சோதனைக் கூடத்தில் எடுத்தது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்சார காருக்கு 30.2 யூனிட் பேட்டரி. சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். 2022-ல் வந்த டியாகோ மின்சார கார் 19.2 யூனிட், 24 யூனிட் என்று இரண்டு பேட்டரிகளில் வந்தது. அறிவித்த தூரம் 250, 315 கிலோமீட்டர். சாலையில் ஏ.சி போட்டு ஓட்டும்போது இதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து வருடம் ஓடிய பேட்டரி என்றால், அதிலும் பத்து சதவிகிதம் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் 312 என்பது 185 கிலோமீட்டர் ஆகிவிடும். 250 என்பது 150 ஆகிவிடும்.

போகவர 140 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு 150 போதாது. மருத்துவமனையில் நேரமாகிவிடும், வழியில் மாற்றுப் பாதையில் திருப்பி விடுவார்கள். கைவசம் நாலில் ஒரு பங்காவது மீதம் இருக்க வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் தாளவாடிக்குப் போகிறவர்களுக்கு, ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கும். திரும்பி இறங்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பக் கிடைத்தாலும், செலவானது முழுவதும் வராது.

வழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்றால், கார் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். இப்போது பொது வேக சார்ஜர்களில் பரவலாக இருப்பது சி.சி.எஸ்-2 வகை. 2021-க்கு முன் டாக்ஸி நிறுவனங்களுக்காக வந்த சில கார்களில் பழைய வகைத் துளை இருக்கும். 2023-ல் வந்த எம்.ஜி காமெட் போன்ற சிறிய காரில் வேக சார்ஜ் வசதியே கிடையாது. உள்ளூர் ஓட்டத்துக்கு அது போதும். கோவைக்குப் போய் வர உதவாது. பொது சார்ஜரில் யூனிட் விலையும் வீட்டு விலையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும்.

பல் பார்ப்பது, சுழி பார்ப்பது

மாட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்வதுபோல, காருக்கு ஆர்.சி புத்தகம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே முதல் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்கக் கூடாது.

மின்சார வண்டிகளின் எண் பலகை பச்சை நிறம். அதில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் எழுத்து என்றால் டாக்ஸி. டாக்ஸி என்றால் ஓட்டம் அதிகம். தினமும் வேக சார்ஜில் போட்டிருப்பார்கள். வாரண்டி நிபந்தனையும் வேறாக இருக்கலாம். சொந்த உபயோகத்துக்கு மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டும்.

பேட்டரி வாரண்டிதான் அடுத்த முக்கியமான விஷயம். உதாரணமாக, நெக்ஸானுக்குப் பேட்டரி, மோட்டார் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2021-ல் பதிவான கார் என்றால் 2029 வரைதான். வாரண்டி முடிந்த பிறகு பேட்டரி போனால், புதுப் பேட்டரியின் விலை அந்தப் பழைய காரின் விலையையே எட்டிவிடக்கூடும். குறைந்தது மூன்று ஆண்டு வாரண்டி மீதம் இருக்கும் காரையே பார்ப்பது நல்லது. அது புது உரிமையாளருக்கு மாறுமா, பேட்டரியின் திறன் எத்தனை சதவிகிதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரி இருப்பது காரின் அடிவயிற்றில். ஓடைக்கல்லும் வரப்பும் இடித்திருந்தால் அடித்தகடு நசுங்கியிருக்கும். அதைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க வாய்ப்புண்டு. எனவே, லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2023 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததுபோல, வெள்ளத்தில் முழுகிய கார்கள் வெளி மாவட்டங்களுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக் கொடுத்துவிடும். இன்ஷூரன்ஸ் இழப்பீடு வாங்கிய விவரத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கறந்து பார்க்கும் சோதனை

கண்ணாடிக்குக் கீழே திரையில் '200 கிலோமீட்டர் ஓடும்' என்று தெரிவதை நம்பக் கூடாது. கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்து அது போடும் கணக்கு அது. மெதுவாக ஓட்டி வைத்தால் அதிகமாகக் காட்டும்.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரித் திறன் அறிக்கை வாங்குவது. மற்றொன்று, வீட்டிலேயே செய்யக்கூடிய மீட்டர் சோதனை. காரை 20 சதவிகிதம் வரை ஓட்டி இறக்கிவிட்டு, ஒரு துணை மீட்டர் வழியாக 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுக்க சார்ஜ் போட வேண்டும். 100 சதவிகிதம் வந்ததும் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 30 யூனிட் புதுப் பேட்டரியில் 80 சதவிகிதம் ஏற 24 யூனிட். வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 27, 28 ஓடும். 25-க்கு மேல் ஓடினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 22-லேயே நிரம்பிவிட்டது என்றால் மடி வற்றிவிட்டது என்று அர்த்தம். அளந்து கறக்கும் பாத்திரம் மாதிரி, இந்த மீட்டர் பொய் சொல்லாது.

சத்தியமங்கலம் குடும்பம் முதலில் பார்த்தது மூன்றரை லட்சத்துக்கு வந்த ஒரு பழைய டாக்ஸி. மஞ்சள் எழுத்து, 21 யூனிட் பேட்டரி. ராத்திரி முழுக்க மீட்டர் வைத்து சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் தரகருக்குக் கோபம். "ஃபுல் சார்ஜோட நிக்குது, ஓட்டிப் பாருங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார். "கறந்து காட்ட மாட்டேங்கிறவங்ககிட்ட நாங்க மாடு வாங்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு விவசாயி திரும்பிவிட்டார்.

இரண்டாவது கார், கோவையில் ஒரே கையில் இருந்தது. 30 யூனிட் பேட்டரி. 6 லட்சத்து 20 ஆயிரம் சொன்னார்கள். உரிமையாளரே சோதனைக்குச் சம்மதித்தார். விடிந்ததும் பார்த்தால் மீட்டரில் 26 யூனிட். சர்வீஸ் சென்டர் அறிக்கையில் 92 சதவிகிதம். நான்கு டயரும் தேய்ந்திருந்தன. எடையும் இழுவையும் அதிகம் என்பதால் மின்சார காரில் டயர் சீக்கிரம் தேயும். அதைச் சொல்லிப் பேசி, 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தனி எர்த் போட்டு, தடித்த ஒயரில் 15 ஆம்பியர் பிளக் பொருத்தியது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வீட்டு இணைப்பின் மின்பளுவையும் உயர்த்திக்கொண்டார்கள். எர்த் சரியில்லாவிட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் வேலையே செய்யாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டால் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

தாயாரை கோவைக்கு அழைத்துப்போன முதல் நாள், நூறு சதவிகிதத்தில் கிளம்பி, இரவு திரும்பி வந்து நிறுத்தியபோது 24 சதவிகிதம் மீதி இருந்தது. போகும்போது திரையையே பார்த்துக்கொண்டு வந்த மனைவி, திரும்பும்போது பின் சீட்டில் மாமியாரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வாசகர் கேள்விகள்

பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. தோட்டத்திலேயே காருக்கு சார்ஜ் போடலாமா?

கூடவே கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. வேறு உபயோகத்துக்கு எடுத்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி இருமடங்கு கட்டணம் விதிப்பார்கள். இலவச இணைப்புக்கே சிக்கல் வரும். சொந்த காருக்கு வீட்டு இணைப்பில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் மின்கட்டணம் குறையுமா?

குறையும். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு வருடம் ஓட்டி, மின்கட்டணம் எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும்.

குறைந்த விலைக்கு வருகிறது, ஆனால் பேட்டரி வாடகை என்கிறார்களே?

2024-லிருந்து எம்.ஜி நிறுவனம் பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டும் திட்டத்தையும் வைத்திருக்கிறது. அப்படி வாங்கிய கார் என்றால் பேட்டரி வாடகை பாக்கி எவ்வளவு, யார் பெயரில் ஒப்பந்தம் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. மாடு ஒருவருக்கும் மடி ஒருவருக்கும் சொந்தம் என்பதுபோல ஆகிவிடும்.

உர மூட்டை ஏற்றலாமா?

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு, மூன்று மூட்டை என்றால் பாதகமில்லை. அதற்கு மேல் ஏற்றினால் சஸ்பென்ஷன் கெடும்; அடித்தகடு தரையில் தட்டும். பூச்சிக்கொல்லி மருந்தை மட்டும் ஆட்கள் உட்காரும் காரில், சாப்பாட்டுப் பையோடு சேர்த்து எடுத்துவர வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

வெயில் பேட்டரிக்கு ஆகாது. வேப்பமர நிழலிலோ, கீற்றுக் கொட்டகையிலோ நிறுத்தலாம். கொட்டகைக்குள் சார்ஜ் மட்டும் போட வேண்டாம். முழு சார்ஜோடு நாள்கணக்கில் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். தேங்காய் விழுந்து கண்ணாடி உடைந்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே சரியாகிவிடும்.